வாயில்லாச் சட்டி

தொண்ணூறு நாள் சோதனையின் எண்பதாம் நாள் காலையில் என் கைத்திரையில் இருநூற்றுப் பதினொரு கோடுகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. என்னால் வண்டியில் உட்காரவே முடியவில்லை. புந்தோங் சாலையோரம் வேனை நிறுத்திவிட்டு, நின்றபடியே அதை மூன்று தடவை பார்த்தேன். இருநூற்றுப் பதினொரு பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. எல்லாம் சீன மூலிகைக் கஷாயத்தின் வேலை. நம்பாதவர்கள் எங்கள் ஊர் ஈப்போவில் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? அத்தனை பேர் வீட்டுக் கதவையும் தட்டி அந்தத் திரையைக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

ஒரே ஒரு கோடு மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது லீலாக்காவுடையது.

என் பெயர் குகனேசன். வீடு வீடாகப் போய்ச் சட்டிக்கு மூலிகை நிரப்புவது என் வேலை. நிறுவனம் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் அது சட்டிதான். அடியில் முப்பத்திரண்டு சின்ன அறைகள், அறைக்கு ஒரு மூலிகை. பக்கத்தில் கை வைக்க ஒரு பள்ளம். முதல் பக்குவத்தை எழுதிக் கொடுத்தவர் லியோங் சின்சே. சீன வைத்தியரை எங்கள் பக்கம் சின்சே என்போம். இந்த அம்மாள் புந்தோங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

புஷ்பலீலா என்கிற லீலாக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. உறுமி மேளக் குழு ஒன்றில் முன்பாட்டு அவருடையது. தைப்பூசத்தன்று கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும்போது பத்து உறுமிக்கு மேலே ஒரு பெண்குரல் தனியாகக் கேட்கும். ஒலிபெருக்கி பழுதானாலும் கேட்கும். சட்டியை நான் முதன்முதலாக அவர் வீட்டில் இறக்கி வைத்தபோது, அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தார்.

"என்னா தம்பி இது, பொங்கச் சட்டிக்கு வயிறு பெருத்த மாரி இருக்கு?"

"காலையில பசியாறுறதுக்கு முன்ன கைய இந்தப் பள்ளத்துல வைங்கக்கா. நாடி, அழுத்தம், வேர்வை எல்லாத்தையும் பாக்கும். பாத்துட்டு எந்த மருந்து எவ்வளவுன்னு அதுவே எடுத்து, ரெண்டு தடவ காய்ச்சி, ரெண்டையும் கலந்து குடுக்கும். நேத்து குடுத்தது ஒத்துக்கிச்சா இல்லையான்னு இன்னிக்குப் பாத்து மாத்திக்கும்."

"நம்ம சின்சேயும் அதத்தான செய்றாங்க?"

"சின்சே ஒரு நாளைக்கு முப்பது பேரப் பாப்பாங்க. இங்க இருநூத்திப் பன்னெண்டு சட்டி. ஒரு சட்டி ஒண்ணு கத்துக்கிட்டா மத்த எல்லாச் சட்டிக்கும் சொல்லிரும். யாருன்னு பேரு சொல்லாது, என்னான்னு மட்டும் சொல்லும்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. "அப்ப சட்டிங்க எல்லாம் சேந்து நம்மளப் பத்தி வம்பு பேசும்னு சொல்லு. ஊர்வாய மூட உலைமூடி உண்டான்னு சும்மாவா சொன்னாங்க?"

பிறகு படிவம். வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் தன் பிரதாபத்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை வறட்டு இருமலைக் கொண்டுவந்ததாம். மாற்றிக் கொடுத்த மாத்திரையில் கால் வீங்கியதாம். மூன்றாவது ஒன்றுக்குப் போகப் பொறுமை இல்லாமல் இவரே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பாடுகிறவளுக்கு இருமல் வந்துவிட்டால் வேறென்ன மிச்சம் என்று என்னையே கேட்டார். பேசும்போது கன்னத்தில் எதையோ அதக்கிக்கொண்டிருந்தார். கிராம்பாக இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. 'வேறு மருந்து: இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தச் சோதனையில் எனக்குச் சொந்த அக்கறையும் ஒன்று இருந்தது, என் அப்பா. செம்பனைக் காய் ஏற்றும் லாரி ஓட்டியவர். அழுத்தம் நூற்று எழுபத்தெட்டு என்று ஆனதும் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து, சாலையில் போகிற லாரிகளின் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். சட்டி வந்து எழுபது நாளில் நூற்று இருபத்தெட்டுக்கு இறங்கிவிட்டார். மருத்துவச் சோதனைக்கு நாள் கேட்டு எழுதியும் போட்டார். காலையில் சட்டை இஸ்திரி போடுகிற அப்பாவை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

தொண்ணூறாம் நாள் சுகாதார அமைச்சிலிருந்து ஒரு குழு வர வேண்டும். அவர்கள் சரி என்றால் நாட்டில் உள்ள எல்லாத் தோட்டப்புறக் கிளினிக்குகளுக்கும் சட்டி போகும், அதுவும் இலவசமாக. இல்லை என்றால் எல்லாச் சட்டிகளையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுடையதும் போய்விடும்.

எண்பதாம் நாள் மதியம் லீலாக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்த இரண்டு படியை அவரால் ஏற முடியவில்லை. கால்கள் வீங்கியிருந்தன. நான் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. சட்டி அவர் அழுத்தத்தை நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"தைப்பூசத்துக்குப் பதினேழு நாளு இருக்கு தம்பி. அதுக்குள்ள விட்டுருவாங்கல்ல?"

விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

எங்கள் திட்டத் தலைவர் டாக்டர் பிரகலாதன். நல்ல மனிதர்தான், ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரியில சேந்துட்டா சோதனையிலேருந்து விலகின மாரிதான், குகன். விலகினவங்க உடம்போட நினைவு ஒரு சட்டியிலயும் இருக்கக்கூடாது. அவங்ககிட்டேருந்து சட்டிங்க கத்துக்கிட்டதும் சேத்து அழியணும். உடம்பு அவங்களுது, நினைவும் அவங்களுது. ஒரே ஒரு பிரதி ஒரு நினைவுச் சில்லுல ஏறும். அத அவங்க கையில குடுத்துருங்க."

நான்தான் அழித்தேன். ஒரு விரல் அழுத்தம்தான். திரையில் அந்த மேலேறும் கோடு மறைந்தது. இருநூற்றுப் பதினொன்றுக்கு இருநூற்றுப் பதினொன்று. சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரிந்துகொண்டே சந்தோஷப்பட்டேன்.

சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னுடைய எண்பது நாள் இவ்வளவுதானா என்று கேட்டார். பிறகு தலைமாட்டில் இருந்த சின்ன பிஸ்கட் டின்னைத் திறந்து அதற்குள் போட்டு மூடினார். டின்னுக்குள் ஏதோ குச்சிகள் கிடந்தன. பல்குத்தும் குச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். எதையும் நானே நினைத்துக்கொண்டு போய்விடுவது என் பழக்கம்.

எண்பத்து நான்காம் நாள் அப்பா கஷாயத்தைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தை வழித்தார். அதுவரை கடைசி வாயைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர்.

"இப்பதான்டா ஒஞ் சட்டிக்கு ருசி தெரிஞ்சிருக்கு. இனிப்பா குடுக்குது," என்றார்.

அன்று போன வீடுகளில் எல்லாம் அதே பாராட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்பத்தாறாம் நாள் காலை திரையைத் திறந்தேன். கோடுகள் மேல்நோக்கித் திரும்பியிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, நூற்றைம்பதுக்கு மேல். அப்பாவின் அழுத்தம் நூற்று நாற்பத்தேழு. அவருடைய மருத்துவச் சோதனைக்கு ஆறு நாள் இருந்தது.

எண்பத்தேழாம் நாள் மூலிகை நிரப்பப் போனபோதுதான் அது கண்ணில் பட்டது. ஏழு வாரமாக நான் பதினேழாம் அறையைத் திறந்ததே இல்லை. போட்டது போட்டபடியே இருக்கும். அன்று முதல் வீட்டில் அந்த அறை காலி. இரண்டாவது வீட்டிலும் காலி. ஐந்தாவது வீட்டோடு நிரப்புவதை நிறுத்திவிட்டு, என் பையிலிருந்த பதினேழாம் எண் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு லியோங் சின்சே கடைக்கு வண்டியை விரட்டினேன். போகிற வழியில் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றும் என்னைப் பார்த்தே விழுந்தது.

சின்சே தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் கொட்டினேன். சாய்வாகச் சீவிய மஞ்சள் துண்டுகள்.

"கம்ச்சோ," என்றார். "ஒங்க சாப்பாட்டுல உப்பு மாரி. எல்லா மருந்துலயும் கொஞ்சம் போடுவோம். மத்த மருந்துங்க சண்ட போடாம இருக்கும். கசப்பும் தெரியாது."

"அதிகமா போட்டா?"

அவர் தராசைக் கீழே வைத்தார். "அதிகமா போட்டா அழுத்தம் ஏறும். கால் வீங்கும். தசையில பலம் போயிரும். இது எங்களுக்கு ஒண்ணும் ரகசியம் இல்ல. அதான் நான் எழுதுனது ரொம்பக் கொஞ்சம்."

சட்டிகளின் பதிவைத் திறந்து இரண்டு பேரும் பார்த்தோம். முதல் முப்பது நாள் எல்லா வீட்டிலும் கம்ச்சோ போயிருக்கிறது. முப்பத்தோராம் நாள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பூஜ்யம். தினமும் போனதால் அந்தக் கொஞ்சமே அதுவரை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்; அன்றிலிருந்துதான் கோடுகள் இறங்கவே ஆரம்பித்திருக்கின்றன. எண்பத்திரண்டாம் நாள் மறுபடி வருகிறது, அதற்குப் பிறகு நாளுக்கு நாள் கூடுகிறது. கசப்பாக இருந்தால் கிண்ணத்தில் மிச்சம் வைக்கிறார்கள், இனித்தால் வழித்துக் குடிக்கிறார்கள் என்று சட்டி கணக்குப் போட்டிருக்கிறது. அதைத் தடுத்துவைத்த பழைய பாடம் அதற்கு மறந்துபோயிருந்தது.

எண்பத்தோராம் நாள் என் விரல் அழுத்தியது ஞாபகம் வந்தது. அதைச் சின்சேயிடம் சொன்னேன்.

சின்சே கண்ணாடியைக் கழற்றினார். "நான் குடுத்த அளவுல சட்டி இதக் கண்டுபிடிக்கவே முடியாது, குகா. அது வேர்வையில ஒரு துளிதான் இருக்கும். யாரோ ஒருத்தர் ஒடம்புல இது நெறைய இருந்துருக்கணும். நெறைய இருந்து, கொஞ்ச நாள் இல்லாமப் போயி, மறுபடி வந்துருக்கணும். அப்பதான் தெரியும். நீ அழிச்சியே, அந்தப் பொண்ணு எதையாச்சும் தின்னுச்சா?"

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். முதலில் மரம் போலிருந்தது. கடித்ததும் இனித்தது. தொண்டைக்குள் இறங்கி, அங்கேயே தங்கி இனித்தது. இந்த இனிப்பு எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாட்டுப் போட்டிக்கு முன்னால் வாத்தியார் எல்லார் வாயிலும் ஒரு குச்சி திணிப்பார். அதிமதுரம். நம் கடைகளில் பட்டையோடு குச்சியாக இருக்கும். சின்சே கடையில் தோல் சீவி, துண்டாக நறுக்கி, வேறு பெயரோடு இருக்கும். முதல் மாதம் முழுக்க அதை என் கையாலேயே அள்ளி நிரப்பியவன் ஒரு தடவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

பிஸ்கட் டின் கண்முன்னால் வந்து நின்றது.

"சின்சே, வண்டியில ஏறுங்க," என்றேன். அவர் கடைக்குப் பூட்டுக்கூடப் போடவில்லை.

வார்டில் லீலாக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. ஒரு வாரமாக மாத்திரை கொடுத்தும் அழுத்தம் இறங்கவில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் ஏன் குறைகிறது என்றும் புரியவில்லை என்று டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வலது கன்னம் லேசாகத் துருத்தியிருந்தது. நான் கட்டிலருகே போய் அவர் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினேன்.

"அக்கா, துப்புங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் துப்பினார். சப்பிச் சப்பி நாரான குச்சி.

"ஒரு நாளைக்கு எத்தன?"

"எண்ணுனதில்ல. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. ஒத்திகை நேரத்துல கூடப் போகும்." அவர் சின்சேயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மருந்து எடுக்கிறியான்னுதான கேட்ட? இது தொண்டைக்குத்தான? எங்க குழுவுல சின்னப் புள்ளைங்ககூட அதக்கும்."

நடுவில் எப்போதாவது நிறுத்தினீர்களா என்று சின்சே கேட்டார். லீலாக்கா யோசித்தார். சட்டி வந்த எட்டாம் நாள் அவருடைய பெரியப்பா மகன் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை தீட்டு, பாட்டு கிடையாது. பாட்டு இல்லாதபோது குச்சி எதற்கு என்று டின்னைத் தொடவே இல்லை. காரியம் முடிந்த மறுநாள் தைப்பூச ஒத்திகை ஆரம்பித்தது. குச்சியும் ஆரம்பித்தது.

பதினாறு நாள் இல்லாமல் போனது, மறுபடி வந்தது. சட்டிக்கு அது போதும். அவர் வேர்வையில் கம்ச்சோ ஏறுவதையும் இறங்குவதையும், கூடவே அழுத்தம் ஏறி இறங்குவதையும் பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு இருநூற்றுப் பதினொரு வீட்டுக்கும் சேதி சொல்லி, கம்ச்சோவைக் கைவிடச் செய்திருக்கிறது. ஊர் பிழைத்தது இவரால். நாங்கள் தோல்வி என்று துடைத்துப் போட்ட ஒரே ஆள், மற்ற எல்லார் வெற்றிக்கும் காரணம். உடனே அதை அவரிடம் கொட்டிவிட்டேன். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் தலைமாட்டு டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் சொல்லுச்சா?"

"எல்லாருக்கும்கா. ஒரே நாள்ல."

"எனக்கு ஏன் சொல்லல?"

சின்சே என்னைப் பார்த்தார். அளக்கவும் காய்ச்சவும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். எதிரே உட்கார்ந்து கை நீட்டுகிற ஆளிடம் பேச வாய் வைக்கவில்லை. யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை.

"முப்பதாம் நாளே அதுக்குத் தெரியும்," என்றார் லீலாக்கா. "அதுக்கப்புறம் அம்பது நாளு. தெனம் காலையில எங் கையப் புடிச்சுப் பாத்துச்சு. ஊருக்கெல்லாம் சொன்ன சட்டி எனக்கு மட்டும் சொல்லல. வம்பு பேசறவங்களும் இப்படித்தான் தம்பி. சம்பந்தப்பட்டவளுக்குத்தான் கடைசியில தெரியும்."

சமாதானம் சொல்வதை விட்டுக் கைப்பேசியை எடுத்தேன்.

டாக்டர் பிரகலாதனை அங்கிருந்தே கூப்பிட்டேன். சோதனை முடிகிற வரை மனிதர்கள் கலவையில் கை வைக்கக்கூடாது, வைத்தால் எல்லாம் செல்லாது என்றார். ஒரே வழி லீலாக்கா மறுபடி சேர்ந்து அந்தச் சில்லைத் திருப்பித் தருவதுதான். அவர் சேர்ந்தால் மேலேறும் கோடும் கூடவே வரும், அமைச்சின் குழு கேட்குமே என்று டாக்டர் இழுத்தார். கேட்கட்டும், பதில்தான் இப்போது நம்மிடம் இருக்கிறதே என்றேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

லீலாக்கா என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார்.

"சில்லு தர்றேன் டாக்டர். ஊரு நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்தச் சட்டிக்கு ஒரு வாய் வைங்க. எதக் கண்டுபிடிச்சாலும், யாரு கையப் புடிச்சுக் கண்டுபிடிச்சிச்சோ அந்த ஆளுகிட்ட மொதல்ல சொல்லணும். அப்புறம்தான் ஊருக்கு. எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

அந்தப் பக்கம் தாள்கள் புரண்டன. பிறகு, எழுதித் தருகிறேன் என்று கேட்டது.

சில்லைத் திரும்ப ஏற்றியதும், எண்பத்தெட்டாம் நாள் காலை பதினேழாம் அறைகள் மூடிக்கொண்டன. தொண்ணூறாம் நாள் கோடுகள் மறுபடி கீழ்நோக்கித் திரும்பியிருந்தன. டாக்டர் குழுவிடம் எதையும் மறைக்கவில்லை, அழித்தது உட்பட. அவர்கள் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கடைசியில் அனுமதி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: வாய் வைத்த பிறகுதான் சட்டி வெளியே போக வேண்டும். லீலாக்கா கேட்டதையே அவர்களும் கேட்டார்கள். அப்பா மருத்துவச் சோதனைக்குத் தேதி தள்ளி வாங்கி, தேறிவிட்டார். இப்போது ஓட்டுநர் இருக்கையிலிருந்து மற்ற லாரிகளின் டயரைக் குறை சொல்கிறார்.

லீலாக்காவின் அழுத்தம் இறங்க மூன்று வாரம் ஆயிற்று. இருமலோ வீக்கமோ தராத மாத்திரையும் ஒன்று கிடைத்தது. ஆனால் தைப்பூசம் காத்திருக்குமா? அந்த வருஷம் அவர் குழு அவர் இல்லாமல் கல்லுமலைக்குப் போனது. இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அன்று நான் பார்க்கப் போனபோது என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

சட்டிக்கு யார் குரல் என்று பேச்சு வந்தபோது அவரே ஆள் அனுப்பினார். குரலை உயர்த்திப் பாட டாக்டர் விடவில்லை, பேசலாம் அல்லவா என்றாராம். பதினொரு நாள் உட்கார்ந்து தமிழுக்கு அவர் பேசிக் கொடுத்தார். காண்டனீஸ் சீனத்துக்குச் சின்சே திட்டிக் கொடுத்தார்.

முதல் பேசும் சட்டியை அப்பாவுக்குத்தான் கொண்டுபோனேன். அவர் லாரியோடு தைப்பிங் போயிருந்தார். பொருத்தி முடித்ததும் சோதித்துப் பார்க்க ஒரு கை வேண்டும். வீட்டில் என் கைதான் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையைப் பிடித்துப் பள்ளத்தில் வைத்தவன் நான். என் கையை ஒரு நாளும் வைத்ததில்லை. எனக்கு முப்பத்து மூன்று வயது, எனக்கென்ன வந்தது?

வைத்தேன். சட்டி ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. பத்து உறுமிக்கு மேலே கேட்கிற குரல், ரொம்பத் தணிந்து, காதருகே பேசுவதுபோல.

"கொஞ்சம் உக்காரு தம்பி. நூத்தி அறுவத்தி நாலு இருக்கு. பயப்படாத. இத நான் இன்னும் யாருக்கும் சொல்லல. ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன்."